அலிசன் மோயே: குரலைப் புகழ்ந்தோம், பாட்டு எழுதியவரை மறந்தோம்

கேள்வி (பிப்ரவரி 3)

எண்பதுகளின் பிரிட்டிஷ் சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை மையமாகக் கொண்ட பாப் இசை) பாடகர்களில் அலிசன் மோயேவை ஒரு மேதையாகச் சிலர் இங்கே கொண்டாடுகிறார்கள். என் கணிப்பில் அவர் நல்ல குரல் வாய்த்த ஒரு பாடகி, அவ்வளவுதான். அவரும் வின்ஸ் கிளார்க்கும் சேர்ந்து நடத்திய யாஸூ என்ற குழுவின் பெருமை, இயந்திரங்களைக் கையாண்ட கிளார்க்கைச் சேரும்; தனியாகப் பாடிய காலத்தின் பெருமை தயாரிப்பாளர்களைச் சேரும். 1987க்குப் பிறகு அவர் செய்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

மறுப்பு இருக்கிறது. யாஸூவின் முதல் ஆல்பமான 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' 1982 ஆகஸ்டில் வெளிவந்தபோது அதில் இருந்த 11 பாடல்களில் நான்கு, மோயே தனியாக எழுதியவை: 'மிட்நைட்', 'குட்பை செவன்டீஸ்', 'விண்டர் கில்ஸ்', 'பிரிங் யுவர் லவ் டவுன்'. அடுத்த ஆண்டு வந்த 'யூ அண்ட் மீ போத்' ஆல்பத்தில் ஏறக்குறையப் பாதி அவருடையது. அதிலிருந்து சிங்கிளாக வெளியாகிப் பிரிட்டிஷ் தரவரிசையில் 3ஆம் இடத்தைத் தொட்ட 'நோபடீஸ் டைரி'யும் அவருடையதுதான். கிளார்க்குடன் சேர்வதற்கு முன்பே, பதின்ம வயதில் எழுதி வைத்திருந்த பாட்டு அது. கிளார்க்கின் மெட்டுக்கு வாய் கொடுத்தவர் என்று அவரை ஒதுக்குவதற்கு முன், இசைத்தட்டின் உறையில் யார் பெயர் எந்தப் பாட்டுக்கு அருகே அச்சாகியிருக்கிறது என்பதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மற்ற இரண்டு கூற்றுகளுக்கும் பின்னர் வருகிறேன். இந்த முதல் கூற்றிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதால் அவசரப்பட விரும்பவில்லை.

பிப்ரவரி 4

பின்னணி தெரியாத சிலர் கேட்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். மோயே 1961 ஜூன் 18 அன்று எஸ்ஸெக்ஸ் பகுதியின் பில்லரிக்கேயில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். வளர்ந்தது பாஸில்டனில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன் மக்களைக் குடியமர்த்துவதற்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட புதுநகரங்களில் அதுவும் ஒன்று. பின்னாளில் புகழ்பெற்ற சிந்த்-பாப் குழுவான டெப்பெஷ் மோடின் மார்ட்டின் கோரும் ஆண்ட்ரூ பிளெட்சரும் படித்த பள்ளியில்தான் இவரும் படித்தார். அந்தப் பள்ளியின் குடிதண்ணீரைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவருடைய இளமைக்காலம் சிந்தசைசரோடு கழியவில்லை. பங்க் குழுக்களிலும், மதுக்கடை மேடைகளில் ரிதம் அண்ட் புளூஸ் வாசித்த குழுக்களிலும் பாடிக்கொண்டிருந்தவர், புளூஸ் வாசிக்கக்கூடிய கூட்டாளிகள் வேண்டும் என்று 'மெலடி மேக்கர்' இதழில் விளம்பரம் கொடுத்தார். பதில் சொன்னவர் 1981 இறுதியில் டெப்பெஷ் மோடை விட்டு விலகியிருந்த வின்ஸ் கிளார்க். கிட்டார்காரரையும் டிரம்ஸ்காரரையும் எதிர்பார்த்த பெண்ணுக்குக் கிடைத்தது, அதிகம் பேசாத ஓர் ஆளும் அவருடைய இயந்திரங்களும். மாதிரிப் பதிவாகச் செய்த 'ஒன்லி யூ' 1982 மார்ச்சில் மியூட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக வெளிவந்து 2ஆம் இடம் வரை சென்றது. அடுத்து வந்த 'டோன்ட் கோ' 3ஆம் இடம்.

குழுவின் பெயரைக்கூட, பழைய புளூஸ் பதிவுகளை மறுவெளியீடு செய்துவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயரிலிருந்துதான் எடுத்தார்கள். அதே காரணத்தால் அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் 'யாஸ்' என்று சுருக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 6

இயந்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவரின் முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது என்றேனே, அந்தப் பாதி இங்கேதான் இருக்கிறது.

கிளார்க் அப்போது பெரிதும் நம்பிய கருவிகளில் ஒன்று சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் புரோ-ஒன். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கக்கூடிய சிந்தசைசர் அது. அதே வகையைச் சேர்ந்த விலை மலிவான கருவி ஒன்று என் மேசையோரம் இருக்கிறது. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒரே ஒரு சுரந்தான் கேட்கும். மற்ற இரண்டையும் கருவி விழுங்கிவிடும். அதில் கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கோவை, வேண்டுமென்றால் அதன் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து, அடுத்தடுத்து வரச் செய்து, கேட்பவரின் காதிலேயே அது சேரும்படி விட வேண்டும். 'ஒன்லி யூ'வின் தொடக்கத்தில் நாம் கேட்பது இதைத்தான். ஃபில்டர் திருகியைப் பாதி மூடி, சுரம் அடங்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு அந்த உருப்படியை நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுரமும் சட்டென்று தெறித்து அணைகிறது; அடுத்தது வரும்வரை அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளிகள் நான் நினைத்ததைவிட மிகப் பெரியவை. கையை எடுத்துவிட்டு எண்ணிப் பார்த்தால்தான், பாட்டின் பெரும்பகுதி வெற்றிடம் என்பது தெரிகிறது.

மோயேவின் குரல் நிற்பது அந்த வெற்றிடத்தில். கீழ் ஸ்தாயியில் கனமாக ஒலிக்கும் அந்தக் குரலோடு போட்டி போட அங்கே வயலின் வரிசையும் இல்லை, தொடர்ந்து முழங்கும் கிட்டாரும் இல்லை. அதனால் அவர் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லின் ஓரத்தில் மூச்சு கலப்பதும், கார்வையின் கடைசியில் குரல் மெல்லத் தளர்வதும் ஒலிப்பதிவில் அப்படியே தங்கியிருக்கின்றன.

இன்னொன்று காலப்பிரமாணம். ரோலண்ட் எம்சி-4 என்ற சீக்வென்சருக்குள் கிளார்க் சுரங்களை எண்களாக உள்ளிட்டு வாசிக்க வைத்தார். எண்ணில் அடங்கிய தாளம் ஒரு மயிரிழையும் அசையாது. மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும் குழுவில் பாடகர் தாமதித்தால் டிரம்ஸ்காரரும் சற்றே பின்வாங்கி அவரைத் தாங்குவார். இங்கே அந்தச் சலுகை கிடையாது. மோயே எடுப்பை ஒரு கணம் தள்ளிப் பிடிக்கும்போது அந்தத் தாமதம் மறைக்கப்படாமல் வெளியே தெரிகிறது. பாட்டில் உயிருள்ள பொருள் அது ஒன்றுதான் என்பதால் நம் காதும் அதையே பின்தொடர்கிறது. புளூஸ் பாடி வளர்ந்தவருக்குத் தாளத்தின் பின்னால் சாய்ந்து பாடுவது பழகிய வித்தை. ஆனால் அவ்வளவு கறாரான தாளம் அதுவரை அவருக்கு வாய்த்ததில்லை.

ஆகவே கிளார்க் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை என்பதை ஏற்கிறேன். அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் இல்லாமலும் அது இல்லை.

பிப்ரவரி 7

'யூ அண்ட் மீ போத்' ஆல்பத்தில் ஒரு பாட்டைக் கிளார்க்கே பாடியிருக்கிறாரே, அது ஏன் என்று ஒருவர் கேட்கிறார். அந்தப் பாட்டு 'ஹாப்பி பீப்பிள்'. மோயே அதைப் பாட மறுத்துவிட்டார். அதைக் கேட்டுப் பார்த்தால் மோயேவின் இலக்கிய ரசனை மீது மரியாதை கூடும்.

பிப்ரவரி 9

"எப்படிப்பட்ட ஆற்றல்! கூரையைப் பிய்த்துவிடும் குரல்!" என்று ஒருவர் மோயேவுக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார். என் பக்கம் நிற்பவர் என்றாலும் இதோடு எனக்கு உடன்பாடில்லை. நாற்பது ஆண்டுகளாக மோயேவைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் புகழ்ந்தார்கள்; அவரைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இதைவிட வசதியான வழி வேறில்லை. ஒருவருக்குக் குரல் இயற்கையாக வாய்த்தது என்று சொல்லிவிட்டால் அவர் எடுக்கும் முடிவுகளைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

'விண்டர் கில்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழத் தாளக்கருவியே இல்லாமல், பியானோவும் தொலைவில் சில மின்னொலிகளுமாக நகரும் பாட்டு அது. உறைந்துபோன ஓர் உறவைப் பார்த்துப் பேசுகிறது. இருபது, இருபத்தோரு வயதில், அதுவும் நடன அரங்குகளுக்கென்று விற்கப்பட்ட ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடத்தில் இதை வைத்திருக்கிறார். கத்துவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் பாட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவர் தலையைச் சாய்த்துக் கேட்க வேண்டிய அளவுக்குத் தணித்துவிடுகிறார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் ஒருவரின் பேச்சு அது. 'மிட்நைட்' பாட்டில் நேர்மாறாக, தொடக்கத்திலேயே இயந்திரம் எதுவும் இல்லாமல் குரலைத் தனியே நிறுத்தி நீட்டுகிறார். எங்கே கொட்ட வேண்டும், எங்கே மூட வேண்டும் என்ற கணக்கு அவரிடம் அப்போதே இருந்திருக்கிறது.

ஓர் இடைச்செருகல்: 'ஒன்லி யூ'வைப் பிளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு கருவிகளே இல்லாமல் வாயாலேயே பாடி 1983 கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. மோயே பாடிய மூலப் பதிவு 2ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இயந்திரத்தை எடுத்துவிட்டால் மெட்டு இன்னும் நன்றாக விற்கிறது என்று கிளார்க் அப்போது என்ன நினைத்திருப்பாரோ.

பிப்ரவரி 10

கிளார்க் யாரோடு சேர்ந்தாலும் வென்றிருப்பார் என்ற வாதம் மீண்டும் வருகிறது. வென்றார்தான். 1983இல் கிளார்க் எழுதி, பியர்கல் ஷார்க்கி பாடிய 'நெவர் நெவர்' 4ஆம் இடம் வந்தது. 1985இல் பாடகர் ஆண்டி பெல்லோடு தொடங்கிய இரேஷர் குழு, யாஸூவைவிடப் பன்மடங்கு நீண்ட காலம் வெற்றியோடு நடந்தது. ஆனால் பெல் மோயேவின் குரலை மிகவும் நேசித்தவர். இரேஷரின் முதல் வெளியீடுகளைக் கேட்டவர்கள் யாஸூவின் எதிரொலி என்றுதான் சொன்னார்கள். பதினெட்டு மாதங்கள் மட்டுமே நீடித்த குழு ஒன்றிலிருந்து விலகிப்போன பாடகி, அடுத்தவர் எப்படிப் பாட வேண்டும் என்பதற்கு அளவுகோலாக இருந்தார் என்பதும் அந்த வாதத்துக்குள் அடங்க வேண்டும் அல்லவா?

பிப்ரவரி 12

இனி தனி ஆல்பங்கள். இரண்டாவது கூற்று, "தனியாகப் பாடிய காலத்தின் பெருமை தயாரிப்பாளர்களுடையது" என்பது. எனக்கோ அந்தக் காலத்தின் குறைதான் தயாரிப்பாளர்களுடையது என்று தோன்றுகிறது.

யாஸூ பிரிந்தது 1983இல். இரண்டாவது ஆல்பத்தையே ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் வந்து பதிவு செய்து முடித்தார்கள். அது தரவரிசையில் முதலிடம் வந்தபோது குழுவே இல்லை. மோயே சிபிஎஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்டீவ் ஜாலி, டோனி ஸ்வெய்ன் ஆகிய இருவர் தயாரிப்பில் 1984 இறுதியில் 'ஆல்ஃப்' வெளிவந்தது. மோயேவின் பட்டப்பெயர்தான் தலைப்பு. பனனராமா, இமேஜினேஷன் ஆகிய குழுக்களுக்கும் ஸ்பாண்டவ் பாலே குழுவின் 'ட்ரூ'வுக்கும் ஒலி அமைத்த கைகள் அவை. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'லவ் ரெசரெக்ஷன்' 10ஆம் இடம், 'ஆல் க்ரைட் அவுட்' 8ஆம் இடம். அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோட்டவுனின் புகழ்பெற்ற பாடலாசிரியர்களில் ஒருவரான லமாண்ட் டோசியர் எழுதிய 'இன்விசிபிள்' அமெரிக்காவிலும் 31ஆம் இடம் வரை ஏறியது.

விற்பனையில் குறையே இல்லை. ஆனால் நான் முன்பு எழுதிய வெற்றிடத்தை இந்த ஆல்பத்தில் தேடிப் பாருங்கள். பல சுரங்களைச் சேர்ந்தாற்போல் ஒலிக்கும் கீபோர்டுகள் வந்துவிட்டன. கார்டுகள் உதிர்வதில்லை, விரிப்பைப் போலப் பரவி அசையாமல் கிடக்கின்றன. டிரம்ஸுக்கு எதிரொலி ஏற்றப்பட்டிருக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு பல்லவியையும் தாங்கிப் பிடிக்கிறார்கள். தணித்துப் பாடினால் இத்தனைக்கும் அடியில் குரல் மறைந்துபோகும். ஆகவே அவர் உயர்த்துகிறார், உயர்த்த முடிகிறவர் என்பதால் அது நன்றாகவும் இருக்கிறது, கேட்பவர்களும் "என்ன ஆற்றல்" என்று வியக்கிறார்கள். பிப்ரவரி 9இல் நான் மறுத்த அந்தப் புகழ்ச்சி பிறந்த இடம் இதுதான்.

'ரெயின்டான்சிங்' (1987, ஜிம்மி ஐயோவின் தயாரிப்பு) இதே பாதையில் இன்னும் தொலைவு போகிறது. யூரித்மிக்ஸ் குழுவின் டேவ் ஸ்டூவர்ட் புனைபெயரில் சேர்ந்து எழுதிய 'இஸ் திஸ் லவ்?' 3ஆம் இடம் பெற்றது. 'வீக் இன் தி பிரசன்ஸ் ஆஃப் பியூட்டி' 6ஆம் இடம் வந்தது; ஃபிளாய் ஜாய் என்ற குழுவின் பாட்டு அது. வெற்றி பெறும் என்று தெரிந்தே பாடினேன், எனக்குப் பிடித்த பாட்டல்ல என்ற பொருளில் மோயே பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். சிறந்த பிரிட்டிஷ் பாடகிக்கான பிரிட் விருது 1985, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைத்தது. நிறுவனம் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரி 13

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, 'ஆல்ஃப்' மீது கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை மோயே அந்த இரு தயாரிப்பாளர்களோடு சேர்ந்துதான் எழுதினார். பிறர் கட்டிய வீட்டில் குடியேறியவராக மட்டும் அவரைக் காட்டினால், என் வாதமே அவரிடமிருந்து ஆசிரியத்துவத்தைப் பறித்துவிடும். 'லவ் ரெசரெக்ஷன்' வரிகளில் இருக்கும் பக்தியும் உடலும் கலந்த துணிச்சல், அந்தப் பளபளப்பான ஒலிக்குள் ஒளிந்தபடியே வானொலிகளில் போய்ச் சேர்ந்தது. ஒலி இவ்வளவு இனிமையாக இல்லாவிட்டால் எத்தனை நிலையங்கள் யோசித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

தவிர, எனக்கு மோயே அறிமுகமானதே 'ரெயின்டான்சிங்' கேசட் வழியாகத்தான். கைமாறி வந்த கேசட். இரண்டாம் பக்கத்தில் நாடா இளகி, குரல் இன்னும் அரைக்கட்டை இறங்கியிருந்தது. பாடுவது ஆணா பெண்ணா என்று வீட்டில் விவாதமே நடந்தது. பின்னாளில் குறுந்தகட்டில் கேட்டபோது அந்தக் குரல் மெலிந்துவிட்டதாக எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆக, அந்தக் கால ஒலியமைப்பைப் பற்றி நான் சொல்வதில் பழைய பாசமும் பழைய சலிப்பும் கலந்திருக்கும். அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கார்டுகளைப் பற்றிச் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை.

பிப்ரவரி 16

'தட் ஓல் டெவில் கால்ட் லவ்' பற்றி யாரும் பேசவில்லையே என்று கேட்டவருக்கு: ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1944இல் பதிவு செய்த பாட்டு அது. மோயே பாடியது 1985இல் 2ஆம் இடம் வந்தது. சிறிய ஜாஸ் பின்னணி, மென்மையான தாளம், நிறைய இடம். ஒலியைக் குறைத்தவுடன் அவர் எப்படித் தணிந்துவிடுகிறார் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இந்த வெற்றி அவரை இன்னொரு சட்டகத்துக்குள் தள்ளியது. இனி ஜாஸ் பாடகியாக இருக்கலாமே என்று பலர் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 13 அன்று வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் பாடகர் பால் யங்கோடு சேர்ந்து அவர் பாடியதைப் பார்த்தவர்களுக்கு அவர் சோல் பாடகி. எஸ்ஸெக்ஸ் பங்க் பெண், இயந்திர இசையின் முகம், காதல் பாட்டுக்காரி, ஜாஸ்காரி, சோல்காரி என்று சில ஆண்டுகளுக்குள் இத்தனை வேடங்கள். இவற்றில் எதையும் அவராகத் தேடிப் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. புளூஸ் குழு ஒன்று வேண்டும் என்று ஒரு விளம்பரம் கொடுத்தார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

மூன்றாவது கூற்று: 1987க்குப் பிறகு எதுவும் இல்லை.

1991இல் 'ஹூடூ' வந்தது. அதில் உள்ள 'இட் வோன்ட் பி லாங்' பாட்டுக்குக் கிராமி பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் முந்தைய ஆல்பங்களைப் போல விற்கவில்லை. மோயே தன் விருப்பப்படி எழுதத் தொடங்கியதும் நிறுவனத்தின் ஆர்வம் வடிந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. 1994இல் வந்த 'எஸ்ஸெக்ஸ்' ஆல்பத்தின் சில பகுதிகள், விற்பனைக்கு உகந்ததாக மாற்ற வேண்டும் என்ற வற்புறுத்தலால் மீண்டும் பதிவாகின. அந்த ஆல்பத்தில் அவர் யாஸூ காலத்து 'ஓட் டு பாய்' பாட்டைத் திரும்பவும் பாடினார். தான் தனியாக எழுதிய பழைய பாட்டு ஒன்றை, தன் பெயரில் மீண்டும் நிறுத்திக்காட்டுகிறார் என்றுதான் நான் அதைக் கேட்கிறேன். அடுத்த ஆண்டு நிறுவனம் வெளியிட்ட 'சிங்கிள்ஸ்' தொகுப்பு முதலிடம் வந்தது. பழைய சரக்கு விற்கிறது, புதியது வேண்டாம் என்ற செய்தியை இதைவிடத் தெளிவாக ஒரு கலைஞருக்குச் சொல்ல முடியாது.

'எஸ்ஸெக்ஸ்' வந்த பிறகு எட்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆல்பம் இல்லை. ஒப்பந்தச் சிக்கலில் அந்த ஆண்டுகள் கரைந்தன. இடையில் 2001இல் லண்டன் மேடையில் 'சிகாகோ' இசைநாடகத்தில் பெண்கள் சிறையின் தலைமைக் காவலாளியான மாமா மார்ட்டன் என்ற பெண் பாத்திரத்தில் நடித்தார். 2002இல் 'ஹோம்டைம்' வேறொரு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. பிரிஸ்டலைச் சேர்ந்த தி இன்செக்ட்ஸ் என்ற இரட்டையர் ஒலியமைத்தார்கள். மெதுவான தாளம், மங்கலான கிட்டார், குரலுக்கு மிக அருகே மைக். முப்பதுகளின் முடிவிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் பெண்ணொருத்தி, வீட்டையும் பிரிவையும் பற்றி ஆரவாரம் இல்லாமல் பேசும் ஆல்பம். 'விண்டர் கில்ஸ்' எழுதியவர் இடையில் எங்கும் போய்விடவில்லை என்பது அதைக் கேட்டால் தெரியும். இந்த விவாத இழையில் யாராவது ஒரே ஒரு ஆல்பத்தைக் கேட்கப் போகிறார்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். யாஸூவை அவர்கள் எப்படியும் எங்காவது கேட்டுவிடுவார்கள்.

பிப்ரவரி 21

'மக்கரெனா'வில் கேட்பது மோயேவின் சிரிப்பா என்று கேட்டவருக்கு: ஆம், அது உண்மைதான். 'மக்கரெனா' பாட்டின் உலகப்புகழ் பெற்ற ரீமிக்ஸில் வரும் அந்தப் பெண் சிரிப்பு, யாஸூவின் 'சிச்சுவேஷன்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்ட மோயேவின் சிரிப்பு. 'ஒன்லி யூ'வின் பி-பக்கத்தில் கிடந்த பாட்டு அது. அமெரிக்க நடன அரங்குகளில் அதன் ரீமிக்ஸ் தனியாகவே பெரும்புகழ் பெற்றது. அவர் வாயிலிருந்து வந்த ஒலிகளிலேயே அதிக மக்கள் கேட்டது அநேகமாக அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும். அதிலும் அவருடைய ஆற்றலைப் பாராட்ட யாராவது வருவார்கள்.

பிப்ரவரி 25

2004இல் வந்த 'வாய்ஸ்' பற்றி எனக்கு இரண்டு மனம். ஆன் டட்லியின் இசைக்குழு அமைப்பில் பிறருடைய பாடல்கள்: பர்செல்லின் ஆபராவில் டைடோ என்ற அரசி பாடும் புலம்பல், பிசேவின் ஆபரா பாட்டு, பிரெஞ்சிலேயே பாடிய ஜாக் பிரெல் பாட்டு. அழகாகத்தான் இருக்கிறது, தந்தைவழி மொழியில் அவர் குரல் வேறொரு நிறம் கொள்வது கேட்கத் தக்கது. ஆனால் தலைப்பைப் பாருங்கள். குரல் என்ற அந்தப் பழைய அடையாளத்துக்கே அவரும் ஒரு முறை வளைந்து கொடுத்துவிட்டாரோ என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை.

அந்த ஐயத்துக்கு 2013இல் 'தி மினிட்ஸ்' பதில் சொன்னது. பியோர்க்கோடும் மடோனாவோடும் பணியாற்றிய கை சிக்ஸ்வொர்த் (Guy Sigsworth) என்பவர் தயாரிப்பாளர். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மோயே மீண்டும் மின்னொலிக்குத் திரும்பினார். ஆல்பம் பிரிட்டனில் 5ஆம் இடம் பெற்றது. யாஸூவின் நினைவை விற்கும் முயற்சியாக இருக்கும் என்று எண்ணித்தான் நான் அதைத் தொடங்கினேன். 'ஹொரைசன் ஃபிளேம்' என்ற முதல் பாட்டிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. ஒலிகள் நொறுங்கியும் சிதறியும் வருகின்றன, குரல் அவற்றுக்கிடையே ஐம்பது வயதின் கரகரப்போடு நடந்து போகிறது. தாளம் இப்போது எம்சி-4 போல் நேர்கோட்டில் நிற்பதில்லை. தாமதிப்பதும் முந்துவதும் இயந்திரத்தின் பக்கமும் வந்துவிட்டதால் மோயே சில இடங்களில் நேராக, கறாராகப் பாடுகிறார். 1982இல் இருந்த பங்கீடு தலைகீழாகியிருக்கிறது.

2017இன் 'அதர்' ஆல்பத்தில் சொற்கள் இன்னும் முன்னே வருகின்றன. 'தி ரேரஸ்ட் பேர்ட்ஸ்' அவர் குடியேறிய பிரைட்டனின் மனிதர்களைப் பார்க்கும் பாட்டு. 'ஏப்ரல் டென்த்' முழுவதும் பாடாமல் பேசுகிறார். நல்ல குரல் வாய்த்த ஒரு பாடகி மட்டுமே என்றால், தன் ஒரே மூலதனத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு முழுப் பாட்டையும் பேசியே முடிக்க அவருக்கு என்ன அவசியம்?

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து 'ஹோம்டைம்' கேட்டதாக எழுதியிருக்கிறார். "நன்றாக இருக்கிறது, ஆனால் மனத்தில் நிற்கும் மெட்டு இல்லை" என்பது அவர் தீர்ப்பு. இது நேர்மையான எதிர்ப்பு. ஓரளவு ஏற்கத் தக்கது. கிளார்க்கின் மெட்டுகள் ஒரே கேட்பில் மூளையில் ஒட்டிக்கொள்பவை. மோயே எழுதுபவை வரிகளின் பேச்சோட்டத்தைப் பின்பற்றுவதால், பல்லவி எங்கே தொடங்கியது என்றே சில சமயம் தெரியாது. 'நோபடீஸ் டைரி' போன்ற ஒட்டும் மெட்டை அவர் பின்னாளில் அடிக்கடி எழுதவில்லை. எழுத முடியவில்லையா, விரும்பவில்லையா என்பதைப் பாடல்களைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், ஒட்டும் மெட்டுகளின் பெயரால் அவர் பத்தாண்டுகள் பட்டது போதும்.

மார்ச் 2

2024இல் வந்த 'கீ' பற்றிச் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டுவிட்டார்கள். தனியாகப் பாடத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் நிறைந்ததையொட்டித் தன் பழைய பாடல்களில் சிலவற்றை மின்னொலியில் மறுபதிவு செய்து, இரண்டு புதிய பாடல்களையும் சேர்த்திருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் அச்சோவியக் கலையில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றிருந்தார். அட்டைப்படமும் அவர் கைவேலைதான்.

மறுபதிவு என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் உரிமைத்தொகைக்காகச் செய்வார்கள். இதில் 'ஆல் க்ரைட் அவுட்', 'லவ் ரெசரெக்ஷன்', 'இஸ் திஸ் லவ்?' மூன்றையும் மூலப் பதிவுகளோடு மாற்றி மாற்றிக் கேட்டேன். எண்பதுகளில் அவர் மேலே தாவிய இடங்களில் இப்போது கீழேயே நிற்கிறார். பின்பாட்டுக் கூட்டம் பின்னுக்குப் போய், அந்த இடத்தில் குரலே நிற்கிறது. 'ஆல் க்ரைட் அவுட்' பெருமளவு ஆதாயம் அடைந்திருக்கிறது: 1984இல் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறவரின் பாட்டாக இருந்தது, இப்போது கதவு சாத்தி நெடுநாளான பிறகு பேசுகிறவரின் பாட்டாகியிருக்கிறது. 'லவ் ரெசரெக்ஷன்' எனக்குச் சமநிலையாகப் படுகிறது. அந்த வரிகளுக்கு 23 வயதின் அவசரம் பொருந்தியிருந்தது. 'இஸ் திஸ் லவ்?' பழையதே மேல். அதன் மெட்டில் இருக்கும் துள்ளலை எத்தனை தணித்தாலும் அது அடங்க மறுக்கிறது. டேவ் ஸ்டூவர்ட் அப்படிக் கட்டிவைத்துவிட்டார். வேறு கருத்து உள்ளவர்கள் இரண்டையும் நல்ல ஹெட்போனில், ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு "கீழ்ச்சுரமே இல்லை" என்று தயவுசெய்து யாரும் வர வேண்டாம்.